கேளுங்க சொல்றேன்: நோவு ஒரு பக்கம், வட்டி ஒரு பக்கம்

போன இதழ்ல ‘பெரிய நோவு வந்த வீட்டுல காசு விஷயத்துல என்ன கஷ்டப்படுறீங்கன்னு எழுதுங்க’ன்னு கேட்டிருந்தோம். வந்த லெட்டர், வாட்ஸ்அப் மெசேஜ், வாய்ஸ் நோட்டு எல்லாத்தையும் சேத்துப் பாத்தா பாதிக்கு மேல காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, மணலி பக்கம்தான். நானும் தண்டையார்பேட்டைக்காரிதான், ஒரு ஆஸ்பத்திரி பில்லிங் கவுண்டர்ல ரொம்ப வருஷம் உக்காந்து வேலை பாத்தவ, அதனால கவுண்டருக்கு உள்பக்கம் என்ன நடக்குதுன்னு கொஞ்சம் தெரியும். யார் பேரும் போடல. ஆனா எல்லா லெட்டர்லயும் ஒண்ணு பாத்தேன், அண்ணனுக்குத் தெரியக்கூடாது, கம்பெனிக்குத் தெரியக்கூடாது, வீட்டு ஓனருக்குத் தெரியக்கூடாதுன்னு மூடி மூடி வச்சிருக்கீங்க, அப்படி மூடி வைக்கறதுலதான் காசு அதிகமா போகுது. சரி வாங்க.

*அக்கா வணக்கம். எங்க வீட்டுக்காரர் காசிமேடு ஹார்பர்ல லோடு தூக்குறாரு. வாய்ல புண்ணு ஆறலன்னு பக்கத்துல பிரைவேட்ல காட்டுனோம், சதை எடுத்து டெஸ்ட் பண்ணிட்டு கேன்சர்னுட்டாங்க. ஸ்கேனு, பெட் சார்ஜுன்னு இதுவரைக்கும் 1 லட்சத்து 80 ஆயிரம் போயிடுச்சு, என் நகை எல்லாம் சேட்டு கடைல. ஆபரேஷனுக்கு இன்னும் 4 லட்சம் கேக்குறாங்க. தண்டல்காரர் ஒருத்தர் 1 லட்சம் தரேன்றாரு. எங்க அண்ணனுங்களுக்கு சொல்லல, சொன்னா புகையிலை மாவா போட்டதாலதான்னு அவரை அசிங்கமா பேசுவாங்க. இன்னா பண்றதுன்னே தெரில, தண்டல் வாங்கலாமா?*
*(வாசகி, காசிமேடு)*

வாங்காதம்மா. முதல்ல கணக்கைப் பாரு. நம்ம பக்கம் தண்டல் எப்படி, 10,000 எழுதிக்கிட்டு முன்னாடியே 1,500 புடிச்சிட்டு 8,500 கைல குடுப்பாங்க, நீ தினம் 100 ரூபா வீதம் 100 நாள் கட்டணும். கேக்க ஈஸியா இருக்கும், 1,500 தானேன்னு தோணும், ஆனா வாங்குன அன்னைலருந்தே அசலும் சேத்து திருப்பிக் குடுத்துக்கிட்டே வரதால, வருஷ வட்டியா போட்டுப் பாத்தா 100 பர்சென்ட்டைத் தாண்டிடும். நீ கேக்குறது 1 லட்சம், அப்போ ஒரு நாளைக்கு 1,000 ரூபா. வேலைக்குப் போற ஆளு படுத்துட்டாரு, தினம் 1,000 எங்கருந்து வரும்? கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாமே 2003லயே தமிழ்நாட்டுல சட்டம் போட்டு தடை பண்ணது, 3 வருஷம் வரைக்கும் ஜெயில் உண்டு, ஆனாலும் தெருவுக்கு ஒருத்தர் இருக்காரு, அது வேற கதை.

இப்ப விஷயத்துக்கு வரேன். உங்ககிட்ட முதலமைச்சர் காப்பீடு கார்டு இருக்கா? நீ லெட்டர்ல அதைப் பத்தி ஒரு வார்த்தை எழுதல. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள்ள இருந்தா கார்டு கிடைக்கும், ஒரு குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் சிகிச்சை, கேன்சர் ஆபரேஷன், கீமோ, கரண்ட் வைக்கறது (ரேடியேஷன்) எல்லாம் அதுல வரும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கிட்டு பீச் ஸ்டேஷன் பக்கத்துல ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸ் போங்க, அங்க கார்டுக்குன்னே கவுண்டர் இருக்கு, போட்டோ எடுத்து பதிவு பண்ணிக் குடுப்பாங்க. ரேஷன் கார்டுல உன் வீட்டுக்காரர் பேர் இருக்கான்னு முதல்ல பாரு, கல்யாணத்துக்கு அப்புறம் பேர் சேக்காம அப்படியே விட்ட வீடு நம்ம பக்கம் நிறைய, அதுல பேர் இல்லன்னா கார்டுலயும் வராது. சந்தேகம்னா 1800 425 3993க்கு போன் பண்ணு, காசு கிடையாது. ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோ, இதுவரைக்கும் கட்டுன 1 லட்சத்து 80 ஆயிரம் அதுல திரும்ப வராது, இனிமே போறதைத்தான் நிறுத்த முடியும்.

எங்க போறதுன்னா, ராயப்பேட்டை அரசு ஆஸ்பத்திரில கேன்சருக்குன்னே தனிப் பிரிவு இருக்கு, சென்ட்ரல் எதிர்ல ஜெனரல் ஆஸ்பத்திரி இருக்கு, நம்ம ஸ்டான்லி இருக்கு, அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் இருக்கு (1954ல டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஆரம்பிச்சது, லாபத்துக்கு நடத்துற இடம் இல்ல). ஆனா இப்ப இருக்கற ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது ஒரு வேலை மறக்காம பண்ணணும். டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் சிடி, ஃபிலிம் வாங்குறது எல்லாருக்கும் தெரியும். அதோட பயாப்ஸி ‘ப்ளாக்’கையும் ‘ஸ்லைடு’ங்களையும் எழுதிக் குடுத்துக் கேளு. ப்ளாக்னா டெஸ்ட்டுக்கு எடுத்த சதையை மெழுகுல பதிச்சு வச்சிருக்கற சின்ன கட்டி, விரல் நுனி அளவுதான் இருக்கும், லேப்ல ஒரு மூலைல கிடக்கும், நீயா கேக்கலன்னா யாரும் எடுத்துத் தரமாட்டாங்க. அது கைல இருந்தா புது ஆஸ்பத்திரி டாக்டர் அதையே பாத்துப்பாங்க, மறுபடி சதை எடுக்கற வேதனையும் செலவும் பெரும்பாலும் மிச்சம். நான் கவுண்டர்ல இருந்தப்போ எத்தனையோ பேர் வெறும் பில்லை மட்டும் பத்திரமா மடிச்சு வச்சுக்கிட்டு போவாங்க, ப்ளாக் அங்கேயே நின்னுடும்.

அடுத்து நகை. சேட்டு கடைல எத்தனை வட்டிக்கு வச்சிருக்கன்னு எழுதல, மூணு வட்டின்னாலே வருஷத்துக்கு 36 பர்சென்ட், அஞ்சு வட்டின்னா 60. பேங்க் நகைக் கடன் ஒரு வட்டிக்கும் கீழதான் வரும். அதனால மாத்தி வைக்கப் பாரு. மீட்க மொத்தமா பணம் வேணுமேன்னு கேப்ப, அதுக்குத்தான் அண்ணனுங்க. சிகிச்சைக்கு 4 லட்சம் குடுன்னு கேட்டா யாரா இருந்தாலும் பின்வாங்குவாங்க, ‘நகையை மீட்டு நாலு நாள்ல பேங்க்ல வச்சு உன் காசைத் திருப்பித் தரேன், நீயே கூட வா’ன்னு கேட்டுப் பாரு, அது வேற மாதிரி போகும். மாவாவைப் பத்தி பேசுவாங்கதான், பேசட்டும், ஒரு நாள் பேச்சு. குட்கா, மாவாவுக்கு 2013லருந்து தமிழ்நாட்டுல தடை, பெட்டிக்கடைல கிடைக்குதுன்னா அதுக்கு உன் புருஷன் மட்டுமா காரணம்.

*அக்கா, எனக்கு 29 வயசு, மணலி பக்கம் ஒரு கம்பெனில காண்ட்ராக்ட்ல நாலு வருஷமா இருக்கேன், சம்பளம் 17,500. ரெண்டு மாசமா ஜுரம், கழுத்துல கட்டி, லிம்போமான்ற கேன்சர்னு சொல்லிட்டாங்க. ஆறு மாசம் கீமோவாம். சூப்பர்வைசர் ‘ரிசைன் பண்ணிட்டுப் போப்பா, பிஎஃப் காசாவது உடனே வரும், சரியானதும் வா’ன்றாரு. அம்மாவும் நானும் மட்டும்தான். எழுதிக் குடுத்துடவா?*
*(வாசகர், மாத்தூர்)*

தம்பி, எதுலயும் கையெழுத்து போடாதே. அந்த சூப்பர்வைசர் நல்லது நெனச்சு சொன்னாரா, தலைவலி போகட்டும்னு சொன்னாரான்னு எனக்குத் தெரியாது, ஆனா அவர் சொன்னபடி பண்ணா உனக்குத்தான் நஷ்டம். உன் பே ஸ்லிப்பை எடுத்துப் பாரு, ஈஎஸ்ஐன்னு (தொழிலாளர் காப்பீடு) 0.75 பர்சென்ட் புடிச்சிருப்பாங்க. 21,000 வரைக்கும் சம்பளம் வாங்குறவங்களுக்கு அது உண்டு, காண்ட்ராக்ட்னாலும் உண்டு. வேலைல இருக்கற வரைக்கும்தான் அந்தக் கயிறு உன் கைல.

ஈஎஸ்ஐல வைத்தியம் இலவசம்னு எல்லாருக்கும் தெரியும், சம்பளத்துக்குப் பதிலா காசும் வரும்றது பாதிப் பேருக்குத் தெரியாது. நோவுன்னு டாக்டர் சர்டிபிகேட் குடுத்தா வருஷத்துல 91 நாள் வரைக்கும் சம்பளத்துல 70 பர்சென்ட். அதுக்கு மேல, கேன்சர், டிபி மாதிரி 34 நீண்ட கால நோய்ங்களுக்குன்னு தனி லிஸ்ட் வச்சிருக்காங்க, அதுல வந்தா 80 பர்சென்ட், ரெண்டு வருஷம் வரைக்கும் நீட்டிக்கலாம். அதுக்கு ரெண்டு வருஷம் தொடர்ந்து வேலைல இருந்திருக்கணும், அந்த ரெண்டு வருஷத்துல 156 நாளுக்காவது காசு கட்டியிருக்கணும், நீ நாலு வருஷமா இருக்க. உன் சம்பளத்துக்குப் பாத்தா மாசம் சுமார் 14,000 வரும், அதை விட்டுட்டு வரேன்னு எழுதிக் குடுக்கப் போறியா?

உன் டிஸ்பென்சரி எதுன்னு ஈஎஸ்ஐ கார்டுலயே இருக்கும், அங்க போய் சர்டிபிகேட் வாங்கு, அயனாவரம் ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரி உனக்குக் கிட்டதான், அங்க முடியாததை கே.கே.நகருக்கோ வேற பெரிய ஆஸ்பத்திரிக்கோ அவங்களே எழுதி அனுப்புவாங்க. நீயா பிரைவேட்ல போய் முதல்ல காசைக் கட்டிட்டு அப்புறம் ஈஎஸ்ஐல கேக்கலாம்னு போகாதே, அலைய விட்டுடுவாங்க. காண்ட்ராக்டர் உன் பேர்ல நிஜமாவே கட்டியிருக்கானான்னும் பாத்துக்கோ, ஸ்லிப்புல புடிச்சிட்டு ஆபீஸ்ல கட்டாத ஆளுங்களும் இருக்காங்க. பிஎஃப்ல வைத்தியத்துக்குன்னு அட்வான்ஸ் எடுக்க ரிசைன் பண்ணத் தேவையே இல்ல, வேலைல இருக்கும்போதே போடலாம், அது கடன் இல்ல, உன் காசு, திருப்பிக் கட்ட வேணாம். ஆதார்ல இருக்கற பேரும் பிஎஃப்ல இருக்கற பேரும் பேங்க் பேரும் ஒரே மாதிரி இருக்கான்னு மட்டும் இப்பவே பாரு, இனிஷியல் முன்னாடி பின்னாடி இருந்தாலே தள்ளி விட்டுடுவாங்க.

*மேடம், ஆறு வருஷமா ஒரு நாள் கூட விடாம ஹெல்த் இன்சூரன்ஸ் கட்டுறேன். போன மாசம் ஹார்ட்ல ரெண்டு ஸ்டென்ட். பாலிசி எடுக்கும்போதே சுகர் இருந்ததை மறைச்சிட்டீங்கன்னு க்ளெய்மை ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. ஃபாரம் ஃபில்லப் பண்ணது ஏஜென்ட், நான் கையெழுத்துதான் போட்டேன். 3 லட்சம் கைமாத்து வாங்கி டிஸ்சார்ஜ் ஆனேன். அவ்ளோதானா?*
*(வாசகர், பெரம்பூர்)*

அவ்ளோதான்னு விட்டுடாதீங்க சார். அஞ்சு வருஷம், அதாவது 60 மாசம் விடாம கட்டுன பாலிசில, முன்னாடி சொல்லல, மறைச்சிட்டாருன்னு காரணம் காட்டி க்ளெய்மைத் தள்ளக் கூடாது, மோசடின்னு அவங்க நிரூபிச்சாதான் முடியும், 2024லருந்து இதுதான் ரூல் (முன்னாடி 8 வருஷமா இருந்துச்சு). உங்களுது ஆறு வருஷம் ஆச்சு. ரிஜெக்ட் பண்ணதுக்கான காரணத்தை எழுத்துல வாங்குங்க, போன்ல சொன்னதெல்லாம் கணக்குல வராது. முதல்ல கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் போடுங்க, ‘பாலிசி எடுத்து இத்தனை மாசம் ஆச்சு, 60 மாசம் தாண்டியாச்சு’ன்றதை முதல் வரியிலயே எழுதுங்க. 30 நாள்ல பதில் வரல, இல்ல வந்த பதில் சரியில்லன்னா இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன் (கம்பெனி மேல வர்ற புகாரை விசாரிக்கற அதிகாரி)கிட்ட போங்க, ஆபீஸ் தேனாம்பேட்டைல அண்ணா சாலை மேலயே இருக்கு. ஃபீஸ் கிடையாது, வக்கீல் வேணாம், 50 லட்சம் வரைக்கும் கேஸ் எடுப்பாங்க, கம்பெனி கடைசியா மறுத்த ஒரு வருஷத்துக்குள்ள போகணும். பிரீமியம் கட்டுன ரசீதெல்லாம் வருஷ வாரியா அடுக்கி எடுத்துட்டுப் போங்க. கோவத்துல இந்த வருஷ பிரீமியத்தைக் கட்டாம விட்டுடாதீங்க, அது தனி ஆபத்து, ஸ்டென்ட் வச்ச ஆளுக்கு இனிமே புதுசா பாலிசி யாரும் சுலபமா தரமாட்டாங்க.

படிக்கறவங்க எல்லாருக்கும் ஒண்ணு. ஏஜென்ட் ஃபாரம் நிரப்புனா அவர் எதிர்லயே உக்காந்து படிச்சிட்டு சைன் பண்ணுங்க. சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை எதுவா இருந்தாலும் எழுதச் சொல்லுங்க, அதிகபட்சம் மூணு வருஷம் வெயிட்டிங் போடுவாங்க, அதுக்கப்புறம் அந்த நோயும் பாலிசிக்குள்ள வந்துடும். ‘எழுதாதீங்க சார், பிரீமியம் ஏறிடும்’னு சொல்ற ஏஜென்ட்டை வாசலோட அனுப்பிடுங்க.

*ஆட்டோ ஓட்டுறேன்க்கா. டிபின்னு கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரில மாத்திரை குடுக்கறாங்க, மூணு வாரமாச்சு. வீட்டு ஓனருக்குத் தெரிஞ்சா காலி பண்ணச் சொல்வாங்கன்னு சொல்லல. வண்டி எடுக்காததால ஃபைனான்ஸ்ல ரெண்டு டியூ நின்னுடுச்சு, ராத்திரி 10 மணிக்கெல்லாம் போன் பண்ணி திட்றாங்க. மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்திட்டு வண்டி ஓட்டலாமா? அது போட்டா தலை சுத்துது.*
*(வாசகர், வியாசர்பாடி)*

அண்ணே, மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க. பாதில விட்டா அந்த மருந்துக்கு அடங்காத டிபியா மாறிடும், அப்புறம் ஆறு மாசத்துல முடியறது இன்னும் இழுக்கும், வருமானமும் அவ்ளோ நாள் போயிடும். தலை சுத்தறதை அங்கயே டாக்டர்கிட்ட சொல்லுங்க, எப்ப வண்டி எடுக்கலாம்றதையும் அவர்தான் சொல்லணும், சளி டெஸ்ட் பாத்துட்டு சொல்வாரு.

உங்களுக்கு சத்துணவுக்குன்னு மாசத்துக்கு 1,000 ரூபா கணக்குல வருதா? நிக்ஷய் திட்டம்னு பேரு, 500 ஆ இருந்ததை 2024 நவம்பர்லருந்து 1,000 ஆக்கிட்டாங்க, சிகிச்சை முடியற வரைக்கும் பேங்க் அக்கவுண்ட்ல நேரா விழும். வரலன்னா அக்கவுண்ட் நம்பரைப் பதிவு பண்ணாம இருக்கலாம், பாஸ்புக்கை எடுத்துட்டுப் போய் மாத்திரை குடுக்கற இடத்துலயே கேளுங்க. 1,000 ரூபாய்ல குடும்பம் நடக்காது, தெரியும், முட்டைக்கும் பாலுக்கும் ஆகும்ல.

ஃபைனான்ஸ்காரங்களை ஒளிஞ்சுக்கிட்டு இருக்கறதை விட நீங்களே முன்னாடி போய்டுங்க. வியாதின்னு சொல்லி டாக்டர் சீட்டு காப்பியோட எழுதிக் குடுத்து, நின்ன டியூவைக் கடைசில சேத்துக்கச் சொல்லிக் கேளுங்க, கேட்டதுக்கு அத்தாட்சியா காப்பில சீல் வாங்கிக்கோங்க. காலைல 8 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 7 மணிக்கு மேலயும் வசூலுக்குப் போன் பண்ணக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்கு, 10 மணி கால் எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க, அது உங்களுக்கு பேரம் பேச உதவும். வீட்டு ஓனர்கிட்ட இப்ப சொல்லணும்னு இல்ல, அது உங்க இஷ்டம், ஆனா வீட்டுல கூட இருக்கற எல்லாருக்கும், முக்கியமா குழந்தைங்களுக்கு, டெஸ்ட் எடுத்துடுங்க.

*அப்பாவுக்கு டயாலிசிஸ். நான் காலேஜ் செகண்ட் இயர். நின்னுட்டு எம்.சி. ரோடு துணிக்கடைல வேலைக்குப் போகலாம்னு இருக்கேன்.*
*(மாணவி, கொருக்குப்பேட்டை)*

நிக்காதம்மா. கடைல 12,000 தருவாங்க, பத்து வருஷம் கழிச்சும் அதையே கொஞ்சம் ஏத்தித் தருவாங்க. அரசுப் பள்ளில ஆறாவதுலருந்து பிளஸ் டூ வரைக்கும் படிச்சிருந்தா புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1,000 உனக்கு வரணும், வருதான்னு காலேஜ்ல கேளு. ஃபீஸை தவணைல கட்டுறேன்னு பிரின்சிபால்கிட்ட அப்பாவோட ஆஸ்பத்திரி சீட்டைக் காட்டி எழுதிக் குடு. தீபாவளி, ஆடித் தள்ளுபடி சமயத்துல கடைங்க பார்ட் டைமுக்கு ஆள் தேடும், அதுக்கு வேணா போ. அப்பா டயாலிசிஸ் இப்ப எங்க பண்றீங்கன்னு நீ எழுதல, காசு கட்டிப் பண்றீங்கன்னா காப்பீடு கார்டுல அதுவும் வரும், மேல காசிமேடு அக்காவுக்கு எழுதுனதைப் படி.

*எது கேட்டாலும் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கே போகச் சொல்றீங்க. நீங்க போவீங்களா? அங்க கூட்டத்துல நின்னு பாத்திருக்கீங்களா?*
*(வாசகர், திருவொற்றியூர்)*

நின்னிருக்கேன் சார், எங்க வீட்டுப் பெரியவரோட ஸ்டான்லில நின்னிருக்கேன். கூட்டம் நிஜம். ஸ்கேனுக்கு தேதி தள்ளிப் போறது நிஜம், வார்டு பாய்ல ஆரம்பிச்சு கை நீட்டறதும் நிஜம், இதையெல்லாம் இல்லன்னு நான் எழுத மாட்டேன். ஆனா பழைய வண்ணாரப்பேட்டை பெருசுங்க இன்னும் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ன்னு கூப்பிடுற இடம் அது, 1782ல பஞ்சத்துல கஞ்சி ஊத்துன மணியக்காரர் சத்திரத்துலருந்து வந்தது, இன்னைக்கு கை ஒட்டு ஆபரேஷனுக்கு வெளி மாவட்டத்துலருந்து அங்கதான் ஓடி வராங்க. அவசரத்துக்கு பக்கத்துல இருக்கற பிரைவேட்டுக்குப் போங்க, நானும் போவேன். என்ன நோய்னு உறுதியாகி ‘இனிமே மாசக்கணக்குல வைத்தியம்’னு சொன்னதும் ஒரு நாள் நிறுத்தி யோசிங்கன்றேன், அவ்ளோதான். ஏன்னா முதல் மாசம் நகையை வச்சு பிரைவேட்ல பாத்துட்டு, மூணாவது மாசம் கைல ஒண்ணுமில்லாம, ரிப்போர்ட்டு பாதி தொலைச்சு, நோயும் முத்தி கவர்மெண்டுக்கு வரவங்களைத்தான் நான் அதிகம் பாத்திருக்கேன். அங்க வர்றதுதான் வரீங்க, முன்னாடியே வாங்களேன். முதல்வர் காப்பீடு எடுக்கற பிரைவேட்டும் உண்டு, அந்த லிஸ்ட்டையும் நான் மேல குடுத்த நம்பர்ல கேக்கலாம். ‘கார்டு இருக்கு, ஆனா தனியா கொஞ்சம் கட்டுங்க’ன்னு எந்த ஆஸ்பத்திரியாவது சொன்னா அதே நம்பர்லயே கம்ப்ளெயின்ட் பண்ணுங்க.

மருந்துக் கடைல மாசம் 4,000, 5,000 ஆகுதுன்னு நிறைய பேர் எழுதியிருக்கீங்க, தனித்தனியா பதில் போட இடமில்ல. சீட்டுல மருந்தோட கம்பெனிப் பேர் இல்லாம மூலப்பேரை எழுதித் தரச் சொல்லி டாக்டர்கிட்ட கேளுங்க, அதை எடுத்துட்டு மக்கள் மருந்தகம் இல்லன்னா முதல்வர் மருந்தகம் போங்க, சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால் மாத்திரைல பாதிக்கு மேல குறையும். கீமோ மருந்தை மட்டும் டாக்டரைக் கேக்காம மாத்தாதீங்க.

*எங்க தெரு பசங்க என் தம்பிக்காக வாட்ஸ்அப்ல உதவி கேட்டு மெசேஜ் போடலாம்னு சொல்றாங்க. போடலாமா, கூச்சமா இருக்கு.*
*(வாசகி, புளியந்தோப்பு)*

போடச் சொல்லும்மா. ஆனா மெசேஜ்ல தம்பியோட ஆதாரு, முழு மெடிக்கல் ரிப்போர்ட்டு போட வேணாம், ஆஸ்பத்திரி தந்த எஸ்டிமேட்டை மட்டும் போடுங்க, முடிஞ்சா பணத்தை ஆஸ்பத்திரி அக்கவுண்ட்டுக்கே நேரா கட்டச் சொல்லுங்க, தேதி கண்டிப்பா போடுங்க, இல்லன்னா தம்பி குணமாகி வேலைக்குப் போன அப்புறமும் அந்த மெசேஜ் சுத்திக்கிட்டே இருக்கும், நடுவுல எவனாவது ஜிபே நம்பரை மட்டும் மாத்திட்டு அனுப்பிடுவான். ஆன்லைன்ல நிதி திரட்டித் தரோம்னு வர்ற கம்பெனிங்க கிட்ட, வசூலாகறதுல எவ்ளோ புடிப்பீங்கன்னு முதல்ல கேட்டு எழுத்துல வாங்கிட்டு அப்புறம் போட்டோ குடுங்க.

டயாலிசிஸ், கிட்னி மாத்தறது பத்தி வந்த லெட்டருங்க தனியா ஒரு கட்டு இருக்கு, அடுத்த இதழ்ல.